மைக் கெட்டுப்போகவில்லை, இடம் மாறி நிற்கிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

"அண்ணா, மைக் போயிடுச்சு, வேற குடுங்க" என்று கடைக்கு வருகிற மைக்குகளில் பாதிக்கு மேல் நன்றாக வேலை செய்கிறவை. பேச்சுக்கு வாங்கியதைத் தவிலுக்கு வைத்திருப்பார்கள். ஸ்டுடியோவுக்கு வாங்கியதைக் கடற்கரை மேடையில் நிறுத்தியிருப்பார்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கம் கோயில், மண்டபம், சர்ச், கூத்து மேடை என்று திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். எங்கும் காசில்லாத வழி முதலில், செலவு வைக்கிற வழி கடைசியில்.

இரண்டு பெயர் மட்டும் தெரிந்திருந்தால் போதும். கையில் பிடித்துப் பாடுகிற உருண்டைத் தலை மைக் பெரும்பாலும் டைனமிக். அதற்குக் கரண்டு வேண்டாம், முரட்டுத்தனமாகக் கையாளலாம், பக்கத்தில் இருக்கும் சத்தத்தை மட்டும் எடுக்கும். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடைகளில் நிற்பது அதனால்தான். இன்னொன்று கண்டன்சர். அதற்கு மிக்சரிலிருந்து 48 வோல்ட் பாண்டம் பவர் போக வேண்டும். நுணுக்கமாக எடுக்கும், கூடவே ஃபேன் சத்தத்தையும் பந்தி பரிமாறுகிற சத்தத்தையும் எடுக்கும்.

எந்தக் கோளாறானாலும் முதலில் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த ஒரு டைனமிக் மைக்கை அதே ஒயரில் மாட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் பழைய மைக்கையோ அதன் வகையையோ சந்தேகப்படலாம். சரியாகவில்லையா, ஒயரை மாற்றுங்கள். அப்புறம் மிக்சரில் வேறு சேனல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

## கீச்சென்று கத்துகிறது

"ஏத்தினா கத்துது, இறக்கினா கேக்கல." மண்டபத்திலிருந்து வருகிற புகாரில் முதல் இடம் இதற்குத்தான்.

மைக்கைத் தொடுமுன் ஸ்பீக்கர் பாக்ஸ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பேசுகிறவருக்குப் பின்னால், மேடையின் சுவரோரம் அலங்காரத்துக்காகத் தள்ளி வைத்திருந்தால் உலகத்தில் எந்த மைக்கைக் கொண்டு வந்தாலும் கத்தும். பாக்ஸ் மைக்கைவிட முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். டெகரேஷன்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அடுத்து வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். தூரத்தைப் பாதியாக்கினால் மைக்குக்கு 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். அந்த அளவுக்கு மிக்சரில் இறக்கிக்கொள்ளலாம். ஒரு அடி தள்ளி நின்று பேசுகிறவரை அரை அடிக்கு வரச் சொல்வதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

பிறகு, பிடிக்கிற விதம். பள்ளி ஆண்டு விழாவில் பையன்கள் மைக்கின் வலைத்தலையைக் கைக்குள் பொத்திக்கொண்டு பாடுவார்கள். தலைக்குப் பின்பக்கம் இருக்கும் காற்று வழிகள் அடைபட்டால், முன்பக்கம் மட்டும் எடுக்க வேண்டிய மைக் நாலு பக்கமும் எடுக்க ஆரம்பித்துவிடும். "தம்பி, கீழ தள்ளிப் புடிப்பா" என்றால் போதும்.

திறந்திருக்கும் மைக்குகளை எண்ணுங்கள். எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் கத்தாமல் ஏற்றக்கூடிய அளவு சுமார் 3 டெசிபல் குறையும். பட்டிமன்ற மேடையில் எட்டு மைக்கும் திறந்து கிடந்தால், ஒன்று மட்டும் திறந்திருப்பதைவிட 9 டெசிபல் போச்சு. பேசுகிறவருடையதைத் தவிர மற்றதை இறக்கி வையுங்கள். நடுவர் நடுவில் குறுக்கிட்டால்தான் சிரமம். அவருடையதில் ஒரு விரல் இருக்கட்டும்.

### மானிட்டரை ஏற்றினால் மட்டும் கத்துகிறது

மானிட்டர் என்பது மேடையில் இருப்பவருக்கே கேட்கும்படி அவரைப் பார்த்து வைக்கிற ஸ்பீக்கர். மைக் எந்த வடிவில் எடுக்கிறது என்று அதன் பெட்டியில் உள்ள படத்தைப் பாருங்கள். கார்டியாய்டு என்றால் நேர்ப் பின்பக்கம்தான் அதற்குக் காது கேட்காத இடம். மானிட்டரை மைக்கின் வாலுக்கு நேராக வைக்கலாம். சூப்பர்கார்டியாய்டு அப்படியில்லை. பின்பக்கம் கொஞ்சம் எடுக்கும். காது கேட்காத இடம் சுமார் 126 டிகிரியில், இரண்டு பக்கமும் சாய்வாக. இதற்கு மானிட்டர்களை இடமும் வலமும் ஒதுக்கி வைக்க வேண்டும். விலை கூடிய சூப்பர்கார்டியாய்டை வாங்கிவிட்டுப் பழைய இடத்திலேயே மானிட்டரை விட்டுவிட்டு, "காசு போட்டதுதான் மிச்சம்" என்று மைக்கைத் திட்டுகிறவர்கள் நிறைய.

### இவ்வளவும் செய்தும் கத்துகிறது

கத்துகிற சுருதியை ஈக்வலைசரில் தேடி அந்த இடத்தை மட்டும் குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வகையை மாற்றுங்கள்: சட்டையில் குத்துகிற காலர் மைக்குக்குப் பதில் கன்னத்தோரம் நிற்கும் ஹெட்செட் மைக், மேடைக் கண்டன்சருக்குப் பதில் டைனமிக். டைல்ஸ் தரையும் கண்ணாடிச் சுவருமாகக் கட்டி, ஸ்பீக்கரையும் நிரந்தரமாகப் பதித்துவிட்ட மண்டபம் என்றால் அது மைக்கால் தீராது. அளவுக் கருவியோடு வருகிற சவுண்ட் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

## குரல் எடுபடவில்லை

### ஒன்றுமே வரவில்லை

மைக்கில் இருக்கும் ஸ்விட்ச், ஒயர், சேனலின் மியூட் பட்டன். இந்த வரிசை. கண்டன்சர் என்றால் பாண்டம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோயில்களில் இருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் பாண்டம் கிடையாது. வெளியூர் பக்தர் அன்பளிப்பாகக் கொடுத்த அருமையான கண்டன்சர் அதில் மாட்டினால் பொணம் மாதிரி கிடக்கும். சின்ன மிக்சர் ஒன்றையோ தனி பாண்டம் பெட்டியையோ நடுவில் வைத்தால் உயிர் வந்துவிடும். பாண்டம் போடும்போதும் எடுக்கும்போதும் ஃபேடர் (மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்கத் தள்ளுகிற கட்டை) கீழே இருக்கட்டும்; இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் 'டமார்' என்று அடிக்கும். யாரிடமாவது பழைய ரிப்பன் மைக் (உள்ளே மெல்லிய உலோகப் பட்டை உள்ள வகை) இருந்தால், அது மாட்டியிருக்கிற சேனலில் பாண்டம் வேண்டாம்.

### வருகிறது, மெலிசாக இருக்கிறது

தடித்த உருளை வடிவ ஸ்டுடியோ கண்டன்சர்களில் பலவற்றுக்கு வாய் பக்கவாட்டில் இருக்கிறது, உச்சியில் இல்லை. கம்பெனிச் சின்னம் இருக்கும் பக்கம் பாட வேண்டும். ஐஸ்கிரீம் போல உச்சியை வாய்க்கு நேரே பிடித்துப் பாடினால் எங்கோ பக்கத்து அறையில் பாடுவது போலத்தான் கேட்கும்.

அப்பர் கரையேறிய ஊரிலேயே தேவாரம் ஓதுகிறவரின் குரல் தூணைத் தாண்டாமல் நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்காது. காரணம் சாதாரணமானது. ஓதுவார் தரையில் உட்கார்ந்திருப்பார், டைனமிக் மைக் உயரமான ஸ்டாண்டில் இரண்டடி தள்ளி இருக்கும். அந்தத் தூரத்தில் டைனமிக் எடுக்காது. கெயினை (மைக்கிலிருந்து வருவதை மிக்சரில் பெரிதாக்கும் திருகு) ஏற்றினால் கல் மண்டபத்தின் எதிரொலியும் சேர்ந்து ஏறும். குட்டை ஸ்டாண்டில் ஒரு சாணுக்குள் கொண்டு வாருங்கள். கைத்தாளம் மைக்குக்கு நேரே வராமல் இருந்தால் நல்லது. பக்கத்தில் மைக் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் வளைகழுத்துக் கண்டன்சர் வாங்கலாம். அது ஓரடியிலும் எடுக்கும்.

## நாதஸ்வரம் காதைக் கிழிக்கிறது, தவில் உடைந்து வருகிறது

கல்யாண சீசனில் இதற்காகவே தனியாக ஒரு ஆள் வேண்டும்.

சத்தம் எங்கே உடைகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மிக்சர் சேனலில் சிவப்பு விளக்கு அடிக்கிறதா? கெயினைக் குறையுங்கள், முடிந்தது. விளக்கு அடிக்காமலே உடைகிறது என்றால் மிக்சருக்கு வருமுன்பே உடைந்துவிட்டது. கார்டுலெஸ் மைக் என்றால் டிரான்ஸ்மிட்டருக்கு என்று தனியாக ஒரு கெயின் அமைப்பு பல மாடல்களில் உண்டு. பேச்சுக்கு வைத்த அளவில் நாதஸ்வரம் வாசித்தால் அங்கேயே நொறுங்கும். அங்கே குறைக்க வேண்டும். கண்டன்சர் என்றால் மைக்கிலேயே 10 டெசிபல் அல்லது 20 டெசிபல் குறைக்கும் ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். இதற்கெல்லாம் மேல் எளிய வழி: கண்டன்சரை எடுத்துவிட்டு டைனமிக் வையுங்கள். எவ்வளவு பலத்த சத்தமானாலும் அது அசையாது.

### கிழிகிற சத்தம், ஒரு ஸ்வரம் பெரிசு ஒரு ஸ்வரம் சிறிசு

மைக் அணசுக்குள், அதாவது குழலின் விரிந்த அடிவாய்க்குள், எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். நாதஸ்வரத்தின் ஒலி அணசு வழியாக மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் துளைகள் வழியாகவும் வருகிறது. அணசுக்கு நேரே வைத்தால் சில ஸ்வரங்கள் குத்தும், சில மறையும். ஒன்றரை முதல் இரண்டு அடி தள்ளி, குழலின் கீழ்ப்பாதியைப் பார்த்தபடி, சற்று மேலிருந்து சாய்த்து வையுங்கள். வித்வான் வாசிக்கும்போது குழலை ஏற்றி இறக்குவார். பக்கத்தில் மைக் இருந்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சத்தம் மாறும். தள்ளி இருந்தால் அவ்வளவாகத் தெரியாது.

இரண்டு நாதஸ்வரத்துக்கு நடுவில் ஒரே மைக் வைப்பது தப்பில்லை. பல நேரம் தனித்தனி மைக்கைவிட அதுவே நன்றாக இருக்கும். வித்வான்கள் தங்களுக்குள் அளவு பார்த்து வாசிக்கிறவர்கள். அதை மிக்சரில் கெடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

### தவிலில் ஒரு பக்கம்தான் கேட்கிறது

தவிலுக்கு இரண்டு முகம், இரண்டு குணம். கூடு மாட்டிய விரல்கள் விழும் வலந்தலை கூர்மையாகப் பேசும், கழி விழும் தொப்பி கனமாகப் பேசும். ஒரு மைக்தான் இருக்கிறது என்றால் தவிலுக்கு முன்னால், நடுவில், இரண்டடி தள்ளி. வலந்தலைக்கு ஒட்டி வைக்காதீர்கள், உள்ளே இருக்கிறவர்களுக்குத் தலைவலி வரும். இரண்டு மைக் இருந்தால் முகத்துக்கு ஒன்றாக, தோலிலிருந்து ஒரு முழம் தள்ளி. இடதுகைக்காரரா என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

இரண்டு மைக்கும் திறந்ததும் தொப்பியின் கனம் காணாமல் போகிறதா? ஒன்றை மூடினால் திரும்ப வருகிறதா? எதிரெதிரே பார்க்கும் மைக்குகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. மிக்சரில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட பட்டன் இருந்தால் ஒரு சேனலில் மட்டும் அழுத்திப் பாருங்கள். மிருதங்கத்துக்கும் இதே சோதனை. பட்டன் இல்லாத மிக்சர் என்றால் ஒரு மைக்கை எடுத்துவிடுவதே மேல்.

## கச்சேரியில் வாத்தியத்தின் தொனி மாறிவிடுகிறது

வீணை தகரம் தட்டியது போல. ஒட்டுகிற காண்டாக்ட் மைக்கை நேராக மிக்சரின் மைக் சாக்கெட்டில் சொருகியிருப்பீர்கள். அந்தப் பில்லைகளுக்கு 1 மெகா ஓம் அளவில் எதிர்ப்பு உள்ள சாக்கெட் வேண்டும். மைக் சாக்கெட்டில் இருப்பது ஒன்றிரண்டு கிலோ ஓம்தான். அடிச்சத்தம் முழுக்கப் போய்விடும். அந்த அளவு எதிர்ப்பு உள்ள டிஐ பாக்ஸ் (வாத்தியத்தை மிக்சரோடு பொருத்தி வைக்கும் சின்னப் பெட்டி) ஒன்றை நடுவில் வைத்தால் தொனி திரும்பும். சின்ன, அமைதியான அரங்கு என்றால் காண்டாக்டைக் கழற்றிவிட்டுக் குடத்தின் மேல்பலகையைப் பார்த்தபடி ஒரு மெல்லிய கண்டன்சர் வையுங்கள். தெருவில் மேடை போட்டால் காண்டாக்ட்தான் தப்பிக்கும். அங்கே அழகு பார்க்க முடியாது.

புல்லாங்குழலில் ஊதுகிற காற்று 'ஃபூ ஃபூ' என்று. மைக் உதட்டுக்கு நேரே இருக்கிறது. ஊதுதுளைக்குச் சற்று மேலே, மூக்கு உயரத்தில் வைத்துக் கீழே பார்க்கச் செய்யுங்கள். காற்று அடியில் போய்விடும்.

வயலின் கீறுகிறது. தந்தியை ஒட்டி வைக்காதீர்கள். ஓரடி மேலே, வில் இடிக்காத பக்கம்.

பாடகர் குரல் குடத்துக்குள் பேசுவது போல, 'ப' வந்தால் வெடிக்கிறது. ஒரு பக்கம் மட்டும் எடுக்கிற மைக்குகள் வாய்க்கு ஒட்டி வரும்போது அடிச்சத்தத்தைத் தாமாகக் கூட்டும். நாலு விரல் தள்ளுங்கள், மைக்கை வாயின் ஓரத்துக்குச் சாயுங்கள், 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பட்டனை அழுத்துங்கள். அதே பட்டனை மிருதங்கத்தின் தொப்பிக்கும் அழுத்திவிடாதீர்கள். ஒரே வரிசையில் எல்லாவற்றையும் அழுத்திவிட்டு 'மிருதங்கத்தில் கும்கி (தொப்பியில் எழும் கனத்த ஓசை) இல்லையே' என்று கேட்பவர்கள் உண்டு.

## கூத்தில் உரசுகிறது, வசனம் விழுகிறது

தெருக்கூத்துக்காரருக்குக் காலர் மைக் குத்துவது வீண். புஜகீர்த்தி, மார்ப்பதக்கம், சலங்கை எல்லாம் சேர்ந்து மைக்கில் உரசுவதுதான் கேட்கும். கிறுகிறுவென்று சுற்றி ஆடும்போது ஒயரே பிய்ந்துவிடும். மேடைக்கு முன்னால் இரண்டு டைனமிக் மைக்கை நெஞ்சுயரத்தில் வையுங்கள். நடிகர் அங்கே வந்துதான் வசனம் சொல்வார், அந்தப் பழக்கம் அவர்களுக்கே உண்டு. பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குத் தனியாக ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று. முகவீணைக்கு மைக் வேண்டவே வேண்டாம். அது பக்கத்து மைக்கில் தானாக ஏறிவிடும்.

## பாடற்குழுவில் நாலு பேர் குரல்தான் கேட்கிறது

புதுச்சேரித் தெற்கு புல்வார் சாலைத் திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா போல உயர்ந்த கூரை உள்ள கோயில்களிலும், வடலூர் பக்கம் அருட்பா பாடுகிற கூட்டங்களிலும் இது ஒரே மாதிரி வரும். நாலு டைனமிக் மைக்கை முன்வரிசையில் நட்டுவிடுவார்கள். எதிரே நிற்கிற நாலு பேர் குரல் மட்டும் தனியாகத் துருத்தும்.

முதலில் ஆட்களை மாற்றி நிறுத்துங்கள்: பலத்த குரல் பின்னால். அது போதாவிட்டால் மைக் வகை. இங்கே கண்டன்சர்தான் சரி. குழுவுக்கு மூன்றடி முன்னால், தலைக்கு மேலிருந்து பின்வரிசையைப் பார்த்தபடி இரண்டு போதும். இரண்டு மைக்குக்கும் நடுவில் உள்ள தூரம், மைக்குக்கும் பாடுகிறவருக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும்; மூன்றடி தள்ளி வைத்தால் ஒன்பதடி இடைவெளி. நெருக்கி வைத்தால் குரல் குழாய்க்குள் இருப்பது போல மாறும். ஸ்பீக்கர் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தால் இந்த முறை செல்லாது, கத்தும்.

## காற்று அடித்தால் 'பொத பொத' என்று

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் சுவாமிகள் கடலுக்கு வரும்போது அறிவிப்பு மைக்கில் பாதிக் காற்றுதான் பேசும். உடலால் மறைத்துக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது முதல் வேலை. அடுத்து ஸ்பாஞ்ச் உறை, அதோடு 100 ஹெர்ட்ஸ் வெட்டு. காற்று பலமாக இருந்தால் ஸ்பாஞ்ச் போதாது. மேலே முடி அடர்ந்த உறை போட வேண்டும். அதுவும் போதாவிட்டால் மைக்கை மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுக்கிற மைக்குக்குக் காற்றும் கை அசைவும் அதிகம் தெரியும். எல்லாப் பக்கமும் எடுக்கிற டைனமிக் அவற்றைத் தாங்கும். டிவி நிருபர்கள் கையில் இருக்கும் நீளக் காம்பு மைக்குகளில் பல இந்த வகைதான். ஸ்பீக்கர் தள்ளி இருக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள்.

## 'ர்ர்ர்' என்று இரைச்சல்

மைக்கைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா, உதட்டில் சுருக்கென்கிறதா? மேலே படிக்க வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தேர்த் திருவிழாவில் ஜெனரேட்டரில் ஓடும்போது எர்த் கொடுக்காமல் விடுவது இங்கே சர்வசாதாரணம். இரைச்சல் போகட்டும் என்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டுகிற வைத்தியத்தை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஷாக் இல்லை, வெறும் இரைச்சல் என்றால் ஒயரைப் பாருங்கள். ஒரு முனையில் மூன்று ஊசி, மறுமுனையில் ஒற்றைப் பெரிய பின் உள்ள ஒயர் ஆறு மீட்டருக்கு மேல் போனால் கரண்டு ஒயரின் 50 ஹெர்ட்ஸ் முனகலைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு முனையும் மூன்று ஊசி உள்ள எக்ஸ்எல்ஆர் ஒயர் என்றால் ஐம்பது மீட்டர் இழுத்தாலும் கவலையில்லை. மைக் ஒயரையும் கரண்டு ஒயரையும் சேர்த்துக் கட்டாதீர்கள். தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டுங்கள். மிக்சர், ஆம்ப்ளிஃபயர் இரண்டுக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து கரண்டு. சீரியல் செட்டும் டிம்மரும் வேறு லைனில்.

## கார்டுலெஸ் விட்டு விட்டு வருகிறது

புது பேட்டரி. ரிசீவரை ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பின்னால் ஒளிக்காமல் மேடை தெரியும் இடத்தில் வைப்பது. மைக்கின் அடிப்பாகத்தைப் பொத்திப் பிடிக்காமல் இருப்பது, பல மாடல்களில் ஆன்டெனா அங்கேதான். இரண்டு செட் ஒரே அலைவரிசையில் இருந்தால் ஒன்றை மாற்றுவது. இதற்கு மேல் சரியாகவில்லை என்றால் முக்கிய நிகழ்ச்சிக்கு ஒயர் மைக்கே போதும் என்பேன்.

## ராத்திரி ஏறினால் பட்பட்டென்று பொரிகிறது

பகலில் நன்றாக இருந்த கண்டன்சர், பனி இறங்கியதும் பொரிய ஆரம்பிக்கும். கடலோர ஈரம் உள்ளே போய்விட்டது. பாண்டத்தை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் ஒரு நாள் வையுங்கள்; பல மைக்குகள் தேறிவிடும். வெயிலில் காய வைப்பதும் ஹேர் டிரையர் காட்டுவதும் மைக்கின் சவ்வைக் கெடுக்கும். அன்று இரவுக்கு டைனமிக்கை மாட்டிச் சமாளியுங்கள்.

டைனமிக்கும் பொரிகிறது என்றால் பின்னைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சொருகி எடுத்துத் துடையுங்கள். ஒயரை ஆட்டும்போது மட்டும் பொரிந்தால் சாலிடர் விட்டிருக்கிறது. பற்றவைக்கத் தெரிந்தால் நீங்களே செய்யலாம். வலைத்தலையைக் கழற்றி உள் ஸ்பாஞ்சை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். அதற்கு உள்ளே இருக்கும் கேப்சூலை (சத்தத்தை வாங்கும் பாகம்) கையால் தொடாதீர்கள், துணியாலும் துடைக்காதீர்கள். அது பழுது என்றால் கம்பெனி சர்வீஸுக்கு அனுப்புவதா, அதே விலைக்குப் புது டைனமிக் வாங்குவதா என்று விலை கேட்டு முடிவு செய்யுங்கள். மலிவு மைக்காக இருந்தால் புதுசு வாங்குவதே லாபம்.